இன்னும் அரைச் சுற்று

பாஸ்கலுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இருபத்தெட்டு வருஷம் கட்டடங்களில் கம்பி கட்டியவர். கம்பியும் கம்பியும் சேருகிற இடத்தில் கட்டுக்கம்பியைக் கோத்து, கொக்கியால் முறுக்கி முறுக்கியே ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது. மணலியில் சாரத்திலிருந்து விழுந்து முழங்காலில் பிளேட் வைத்ததும், ஆறு மாதம் வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலுக்குச் சொன்னார், சரி. கைக்கு யார் சொல்வது? விம்கோ நகர் வீட்டில் ஒரே வாரத்தில் வாளிப் பிடி, தோசைக் கரண்டி, கொடிக்கயிறு எல்லாவற்றிலும் கம்பி ஏறியது.

"கொஞ்ச நேரம் அசந்தா என்னையும் சேத்துக் கட்டிருவே போலகீது" என்றாள் மனைவி ஜானட்.

அப்போதுதான் போனில் ஒரு வீடியோ வந்தது. ஒருத்தி கல்லில் துளை போடாமல், பசை வைக்காமல், கம்பியாலேயே சுற்றிக் கூடு கட்டிப் பதக்கமாக்கினாள். "இதுக்கா இவ்ளோ பில்டப்பு" என்று பாஸ்கல் இறங்கிவிட்டார். முதல் பதக்கத்தைக் கட்டுக்கம்பியில் செய்தார். ஜானட் அதைச் சர்ச் பூசைக்குப் போட்டுக்கொண்டு போனாள். வியர்வையில் ஊறி, திரும்பி வரும்போது கழுத்தில் துருக் கோடு. அதன் பிறகு ஹார்டுவேர் கடையில் துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பி ஒரு சுருள் வாங்கினார். மலிவுதான், ஆனால் திமிர் பிடித்த கம்பி. வளைத்தால் நிமிரும். கேஸ் அடுப்பில் சிவக்கக் காட்டி ஆறவிட்டதும் சொன்னபடி கேட்டது.

கைதான் கேட்கவில்லை. சைட்டில் கட்டு ஆடினால் இன்ஜினியர் பூட்ஸ் காலால் உதைத்துப் பார்ப்பார். அதற்குப் பயந்து, கட்டு இறுகிய பிறகும் இன்னொரு அரைச் சுற்று சுற்றிப் பழகிய மணிக்கட்டு. எர்ணாவூர் கரையில் பொறுக்கிய கிளிஞ்சலும் கண்ணாடியுமாக நான்கு உருப்படிகள் அந்த அரைச் சுற்றில் பிளந்துபோயின.

இந்த நிலையில்தான் அடுத்த தெரு ரஹீமுன்னிசா கைக்குட்டையில் முடிந்த நீலப் பெரோசாக் கல்லோடு வந்தாள். அவள் அம்மாவின் மோதிரக் கல். ஞாயிற்றுக்கிழமை மகள் தஹ்சீனுக்கு நிக்காஹ்.

"வெள்ளிக் கடைல பத்து நாள் கேக்குறான் அண்ணே. எனக்கு ஞாயித்துக்கெழம கழுத்துல வேணும். பாத்து, அம்மா ஞாபகம்னு இது ஒண்ணுதான் கீது."

கல்லின் நடுவே முடி போல ஒரு கீறல் ஓடியது. பாஸ்கல் அதைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை கூடு முடிந்தது. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கல் 'டிக்' என்றது. வைத்தார். நடந்தார். எடுத்து ஆட்டினார். டிக்.

"நல்லாத்தானே கீது, உடு" என்றாள் ஜானட்.

"லூஸா கீது."

"நீ டைட் பண்ணது எதுனா முழுசா கீதா?" கம்பி முறுக்கும் குறட்டை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

கதவுக்குப் பின்னால் அவருடைய பழைய சைட் கொக்கி தொங்கியது. அரை மணி நேரம் அதைப் பார்க்காத மாதிரி நடந்தார். பிறகு எடுத்தார். நுனியைக் கம்பிக்குள் நுழைத்ததும் மணிக்கட்டு தானாகத் திரும்பத் தொடங்கியது. சட்டென்று கொக்கியை உருவிக் கட்டிலுக்கடியில் எறிந்துவிட்டு, பதக்கத்தைச் சட்டைப் பையில் போட்டு, தடியை ஊன்றிக்கொண்டு தெருவில் இறங்கினார். இன்னும் பத்து நிமிஷம் வீட்டில் இருந்தால் கல் இருக்காது.

ரஹீமுன்னிசா பதக்கத்தை ஆட்டிப் பார்த்தாள். "ஆடுதே அண்ணே, உழுமா?"

"உழாது" என்றார், தனக்கே நிச்சயமில்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் திரைக்கு அந்தப் பக்கம். பாஸ்கலுக்குப் பந்தியில் இருப்புக்கொள்ளவில்லை. கல் இருக்கிறதா என்று ஜானட்டுக்குப் போன் போட்டார்.

"கீதா?"

"கீது."

ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும். "கீதா?"

"யோவ், அந்தம்மா கழுத்தையே மொறச்சிப் பாத்துகினு உக்காந்துகினுகீறேன். நகைய நோட்டம் உடறேன்னு நாலு பேரு பைய மடியில இஸ்து வெச்சிகினாங்க. பேஜாரு பண்ணாத, சாப்புடு."

உள்ளே பெண்கள் கட்டியணைத்துச் சிரிக்கும் சத்தம் எழும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு டிக்கென்றது. பிரியாணி ஆறிப்போனது.

சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் ரஹீமுன்னிசாவே திரையோரம் வந்தாள், பின்னால் ஜானட். பதக்கம் கழுத்தில் இருந்தது, கல்லும் அதற்குள் இருந்தது.

"ஊரே கட்டிப் புடிச்சிது அண்ணே. அப்டியே கீது பாருங்க."

பாஸ்கல் அருகே வந்து உற்றுப் பார்த்தார். "கொஞ்சம் ஆடுதுல்ல? நாளைக்குக் குடுத்தீங்கன்னா ஒரு அரைச் சுத்து..."

அவள் பதக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். "இதுல கை வெச்சீங்க, இன்னொரு காலையும் ஒடச்சிருவேன்."

ஜானட் சிரித்துக்கொண்டே அவரைத் தட்டின் முன்னால் உட்கார வைத்தாள். பாஸ்கல் ஆறிய பிரியாணியை ஒரு வாய் எடுத்தார். இடது கை தண்ணீர் பாட்டிலின் மூடியை, அது இறுகிய பிறகும், திருகிக்கொண்டிருந்தது.