கசந்த சுரைக்காய்

கல்யாணமாகி வந்த புதிதில் ஆதிலட்சுமிக்குப் புரியாமல் இருந்தது புருஷனின் ஓட்டம்தான். கொளஞ்சி பீங்கான் கம்பெனியில் சூளைக்கு விறகு தள்ளுகிறவன். பகலெல்லாம் அனலில் வெந்துவிட்டு வருகிறவன் படுக்க மாட்டான். மணிமுத்தாற்று மணலில் இறங்கி ஓடுவான். அவளுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்துத் துடைத்து அவள் விரல்நுனி வெளுத்துப் போயிருக்கும்.

"நெருப்புகிட்ட நின்னது பத்தாதாங்க?" என்று கேட்பாள்.

"ஓடுனாத்தான் லட்சுமி அந்தச் சூடு ஒடம்ப வுட்டுப் போவுது."

பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பிய தங்கதுரைதான் அவனைச் சாறு குடிக்கச் சொன்னது. பட்டாளத்து ஓட்டக்காரர்கள் பச்சைக் காய்கறியைப் பிழிந்து குடிப்பார்களாம். மூச்சு வாங்காதாம், கால் பிடித்துக்கொள்ளாதாம். ஆதிலட்சுமி சந்தையில் பீட்ரூட் வாங்கிவந்து அம்மியில் நசுக்கி, மெல்லிய துணியில் பிழிந்து, இஞ்சியும் உப்பும் போட்டுக் கொடுத்தாள். முதல்நாள் சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து அவன் அலறிக்கொண்டு வந்தான். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

ஆனால் பலன் தெரிந்தது. முன்பெல்லாம் நெடுந்தூரம் ஓடிய மறுநாள் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடும். சூளைப் படியில் நொண்டிக்கொண்டுதான் ஏறுவான். இப்போது சாதாரணமாக நடந்தான். சாறு செய்த வேலையா, மனசு செய்த வேலையா, அவளுக்குத் தெரியவில்லை. பீட்ரூட் கிடைக்காத நாளில் கூரைமேல் படர்ந்திருந்த சுரைக்கொடியிலிருந்து காய் பறித்துப் பிழிவாள். எழுபத்தொன்றில் கடலூரில் நடந்த மாவட்டப் போட்டியில் பத்தாயிரம் மீட்டரில் முதலாவதாக வந்தான். அடுத்தது மெட்ராஸ். அங்கே ஜெயித்தால் ரயில்வேயில் வேலை கிடைக்கும் என்றார்கள்.

அதில்தான் சண்டை வந்தது. "மெட்ராசுக்குப் போனா நீங்க எங்க திரும்பி வரப் போறீங்க? கால ஒடச்சிப் போட்டாத்தான் வூட்டுல இருப்பீங்க!" என்று அவள் கத்தியது தெருவுக்கே கேட்டது. ஆத்திரத்தில் வந்த வார்த்தை. மறுநாள் அவளே சுரைக்காய் பறித்துச் சாறு பிழிந்து வைத்தாள்.

அந்த வருஷம் மழை பொய்த்துச் சுரைக்கொடி வாடிக் கிடந்தது. சாற்றை விரல்நுனியால் தொட்டு நாக்கில் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"வேணாங்க. எட்டிக்காயா கசக்குது. கீழ ஊத்திடறேன்."

"பாவக்கா கசக்கல? கசந்தாத்தான் ரத்தம் சுத்தமாவும்" என்று வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டான்.

ஆற்றுக்குப் போனவனைக் கொஞ்ச நேரத்தில் இரண்டுபேர் தூக்கிவந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். வாந்தியில் ரத்தம் வந்தது. குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே கட்டிலருகில் வைத்துத்தான் கொளஞ்சியின் தம்பி சக்கரபாணி கேட்டான்.

"சாத்துல என்னா கலந்தீங்க, அண்ணி?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று நின்றாள். கொளஞ்சி வறண்ட உதட்டைப் பிரித்து மெதுவாகக் கேட்டான்:

"எதனா போட்டியா, லட்சுமி?"

அவள் திரும்பி வீட்டுக்கு நடந்தாள். அதே கொடியில் இன்னொரு காயை அறுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். இருவருக்கும் முன்னால் நின்று தோலோடு கடித்தாள். கண்ணில் நீர் வழிய மென்று விழுங்கினாள். மறுபடி கடித்தாள். சக்கரபாணி ஓடிவந்து பிடுங்குவதற்குள் கால் பங்கு உள்ளே போயிருந்தது.

சாயங்காலம் அவளையும் பெண்கள் வார்டில் படுக்க வைத்தார்கள். குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. கையில் மிச்சக் காயோடு வந்த டாக்டர், "கசக்குற சுரைக்கா வெஷம்மா. தெரிஞ்சே யாராவது தின்னுவாங்களா?" என்று திட்டினார். வாசலில் நின்ற சக்கரபாணி தலை குனிந்தான்.

இருவரும் பிழைத்தார்கள். ஆனால் கொளஞ்சி வயிற்றில் புண் தங்கிவிட்டது. உடம்பு பாதியாக இளைத்தது. மெட்ராஸ் போட்டி அவன் இல்லாமலே நடந்து முடிந்தது. ஒருமுறை ஆற்றில் இறங்கி ஓடிப்பார்த்தான். பாலத்துக்குப் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டான். சூளை வேலையும் முடியவில்லை. கம்பெனியில் கேட்டதும் வாசல் காவலுக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

சண்டையில்லாமல்தான் குடும்பம் நடந்தது. அவள் கொடுக்கிற எதையும் அவன் வேண்டாமென்று சொன்னதில்லை. ஆனால் தண்ணீரோ டீயோ, டம்ளரை வாங்கியதும் உள்ளே ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான். அவள் வருஷக்கணக்காகப் பொறுத்திருந்தாள். ஒருநாள் கம்பெனி வாசலில் அவனுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தபோது கேட்டேவிட்டாள்.

"இன்னும் நம்பிக்கை வரலியாங்க?"

"நம்பறேன் லட்சுமி. சத்தியமா நம்பறேன்" என்றான் கொளஞ்சி. "கண்ணுதான் தன்னால டம்ளருக்குள்ள போவுது. நான் என்னா செய்யட்டும்?"

டீயைக் குடித்து முடித்தவனிடமிருந்து அவள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். உள்ளே இரண்டாவது ஷிப்டுக்கு மணி அடித்தது. துடைக்க வேண்டிய பொம்மைகள் பலகையில் வரிசையாக ஈரத்தோடு இருந்தன.