அவர் வைத்த பட்டப்பெயர்

நான் புலம்பெயர்ந்து வந்த ஊரில், ஹென்டர்சன் தொழிற்சாலையில் அவர் எங்கள் சூப்பர்வைசர். சனிக்கிழமைகளில், பேஸ்போல் போன்ற ஆட்டமான சொஃப்ட்போலில் எங்கள் அணியின் பயிற்சியாளர். என்னைப் போலவே யாழ்ப்பாணத்தவர். ஒல்லியான உடம்பு, வெயிலில் நிறம் போன நீலத் தொப்பி. ஆட்டம் முடிந்ததும் அந்தத் தொப்பியால் எல்லோருடைய முதுகிலும் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடுவார். என்னை மட்டும் விட்டுவிடுவார்.

“உனக்கு அது கிடக்கட்டும் தம்பி. அமெரிக்காவில பேஸ்போல் ஆடேக்க, விழுந்து புரண்டு உடுப்பெல்லாம் மண்ணாக்கிறவனை ‘டேர்ட் டோக்’, மண் நாய் எண்டு செல்லமாக் கூப்பிடுவினம். எங்கட டீமில அது நீதான்.”

நாய் என்று சொன்னதற்கு எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெயருக்காகவே முழங்கால் கிழியக் கிழிய விழுந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது. வேலை போகிறவர்களின் பட்டியலை எழுதியவர் அவர்தான். முதல் பெயர் என்னுடையது.

“ஏன் அண்ணை?” என்று கேட்டேன்.

“மற்றவங்கள் உடைஞ்சு போவாங்கள். நீ விழுந்தாலும் எழும்புவாய் எண்டு எனக்குத் தெரியும்.”

சொல்லிவிட்டு, முதன்முறையாக என் தோளைத் தொப்பியால் தட்டிவிட்டார். அன்று சட்டையில் மண்ணே இருக்கவில்லை.

இத்தனை வருடம் கழித்தும், அந்தக் கையைத் தட்டிவிடாமல் நின்றேனே என்றுதான் ஆத்திரம் வருகிறது.