அமலராணி விட்ட இடைவேளை

சுந்தரவேணி தியேட்டரில் எந்தப் படம் ஓடினாலும், இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்னால் அமலராணி எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிடுவாள். எண்ணெய் காய ஆறு நிமிடம், சமோசா வேக நான்கு நிமிடம். கதவு திறந்து கூட்டம் வெளியே வரும்போது முதல் தட்டு ஆவி பறக்க இருக்க வேண்டும். முன்னாலேயே போட்டு வைத்தால் நமுத்துப்போகும். பிறகு போட்டால், வேகிறதற்குள் படம் ஆரம்பித்துவிடும்.

கடிகாரத்தைப் பார்த்து அவள் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. காதை வைத்துத்தான். கேன்டீனிலிருந்து அரங்குக்குள் போக இடப்பக்கம் ஒரு கதவு உண்டு. அதை ஒரு சாண் திறந்து வைத்திருப்பாள். ஹீரோ படமென்றால் அவளை ஏமாற்றவே முடியாது. வில்லனின் ஆள் ஹீரோவின் சட்டையில் கை வைப்பான். ஹீரோ பேசாமல் நிற்பான். தங்கையோ அம்மாவோ அழுவாள். எங்கோ தூரத்தில் தவில் மாதிரி ஒரு சத்தம் ஆரம்பிக்கும். அவ்வளவுதான், அவள் கை தானாக லைட்டரைத் தேடும்.

சமோசாவை எண்ணெயில் விட்டுவிட்டுக் கதவிடுக்கில் போய் நிற்பாள். கீழே கிடந்த ஹீரோ ஒரு கையை ஊன்றி எழுந்திருப்பான். அவனோடு தியேட்டரே எழுந்திருக்கும். அப்போது இடப்பக்கக் கதவோரமிருந்து ஒரு விசில் கிளம்பும். பால்கனியில் இருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அது யாருடைய விசில் என்று மேலே புரொஜெக்டர் ரூமில் இருக்கும் காஜா மைதீன் ஒருவருக்குத்தான் தெரியும். மற்றவர்களிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். "எத்தனை வேணும்?", "சட்னி கீழ சிந்தாம" என்பதற்கு மேல் கேன்டீன் அமலராணி பேசி யாரும் கேட்டதில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவள். நாலு பேர் நடுவில் வாயைத் திறந்தால் தப்பாக எதையாவது சொல்லிவிடுவோமோ என்று நாற்பத்தாறு வயதிலும் அவளுக்கு ஒரு பயம். அதனால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வாள். பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மட்டும் அந்தத் தியேட்டரில் வேறு விதமான படம் ஓடும். 'திரை நண்பர்கள்' என்று எழுபது பேர் சேர்ந்து நடத்துவது. அதன் செயலாளர் ரெங்கராஜ், பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், துணிப்பையில் லேப்டாப்பை வைத்து மடியில் அணைத்துக்கொண்டு வருவார். அவர் போடும் படங்களில் பாட்டு இல்லை, சண்டை இல்லை, சில படங்களில் பேச்சே இல்லை.

அந்த ஞாயிறுகளில் அமலராணி பாலக்கரை கோயிலில் விடியற்காலைப் பூசையை முடித்துக்கொண்டு நேரே தியேட்டருக்கு வந்துவிடுவாள். முதல் தடவை, டீ போட மட்டும்தான் வந்தாள். உள்ளே ஏன் இப்படிச் சத்தமே இல்லை, மெஷின் நின்றுவிட்டதா என்று எட்டிப் பார்த்தாள். திரையில் ஒரு கிழவர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். ட்யூபை உருவி, காற்றடித்து, தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கித் திருப்பிக்கொண்டே வந்தார். ஓட்டை கிடைக்கவில்லை. இன்னொரு சுற்று. அமலராணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒரே ஒரு குமிழி வந்தது. அவளுக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் ஒருவரும் மூச்சுகூட விடாததால் அடக்கிக்கொண்டாள். அடியில் ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தை அவளால் படிக்க முடியாது. அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

நர்ஸிங் படிக்கும் மகள் ஜோஸ்வினுக்கு இது பெரிய வேடிக்கை. "ஏம்மா, வெள்ளிக்கிழமை ஆள தூக்கிப் போட்டு மிதிக்கிற படம். ஞாயித்துக்கிழமை ஆடு மேய்க்கிற படம். ரெண்டுல எதும்மா ஒனக்குப் புடிக்கும்? ஒண்ணச் சொல்லு."

"பிரியாணி புடிக்கும்னா ரசஞ்சோறு புடிக்கக் கூடாதாடி?" என்பாள் அமலராணி. வீட்டில் மட்டும் அவளுக்கு வாய் உண்டு.

சண்டை ஜூன் மாதம் வந்தது. ரெங்கராஜ் போடும் வெளிநாட்டுப் படங்களில் இடைவேளை என்று ஒன்று கிடையாது. ஒரே மூச்சில் ஓடி முடியும். ஆனால் காஜா மைதீன், டப்பிங் செய்து வரும் இங்கிலீஷ் படங்களுக்கெல்லாம் செய்கிற மாதிரி, மொத்த நேரத்தை இரண்டாக வகுத்து நட்டநடுவில் நிறுத்திவிட்டார். திரையில் ஒரு மனிதன் இருபது நிமிடமாக மழையில் நடந்து, விட்டுப் போன மனைவியின் வீட்டு வாசலுக்கு வந்து, கதவைத் தட்டக் கையை ஓங்கியிருந்தான். விளக்கு எரிந்தது. பிரஷர் குக்கர் விளம்பரம் பாட்டோடு ஆரம்பித்தது.

"யோவ், தட்ட விடுய்யா!" என்று பின் வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

ரெங்கராஜ் படியேறி ஓடினார். "பாய், என்ன காரியம் பண்ணிட்டீங்க? இது கொலைங்க."

"எல்லாப் படத்துக்கும் இப்படித்தான் சார் விடுறேன். டைனோசர் வாயத் தொறந்தப்பவே விட்டிருக்கேன். ஒருத்தர் கேட்டதில்ல" என்றார் காஜா மைதீன், நிஜமாகவே வருத்தப்பட்டு.

ஜூலையில் ரெங்கராஜ் இடைவேளையே கூடாது என்றுவிட்டார். படம் முடிந்ததும் எல்லோரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே நேராக வாசலைப் பார்த்துப் போய்விட்டார்கள். அமலராணியின் சமோசா அத்தனையும் தட்டிலேயே ஆறியது. முதலாளி தர்மராஜ் துறையூரில் வெங்காயம் போட்டிருக்கிறவர், திங்கட்கிழமைதோறும் வருவார். தட்டைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். ரெங்கராஜை வரவழைத்தார்.

"கல்யாணத்துக்கு வந்துட்டுச் சாப்பிடாமப் போவாங்களா சார்? தியேட்டர்னா நடுவுல வெளிய வரணும். ஒரு டீயக் குடிச்சிட்டு, படம் எப்படின்னு பக்கத்துல இருக்கிறவன்கிட்ட நாலு வார்த்த சொல்லணும். அது இல்லேன்னா எதுக்கு இந்தக் கட்டடம்? ஆகஸ்ட்ல இடைவேளை விடுங்க. இல்லேன்னா அதோட நிறுத்திக்குவோம்."

"டைரக்டர் வைக்காத இடைவேளைய வைக்க நாம யாருங்க? எங்க வீட்டு ஹால்ல டிவியில போட்டுப் பாத்துக்குறோம்" என்று ரெங்கராஜ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கல்லாவுக்குப் பின்னால் தம்ளர் கழுவிக்கொண்டிருந்த அமலராணி கழுவிய தம்ளரையே மறுபடி கழுவினாள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் படம் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு ஹாலுக்குப் போய்விட்டால் அவள் எப்படிப் போய் வாசல் மணியை அடிப்பாள்? "படம் பாக்க வந்தேன்" என்று யாரிடம் சொல்வாள்? இந்தக் கதவிடுக்கு இருக்கும்வரைதான் அவளுக்கும் படம்.

ஏற்கெனவே அறிவித்தாகிவிட்ட ஆகஸ்ட் காட்சியோடு முடித்துக்கொள்வது என்று, அந்தப் படத்தைச் சத்தம் சரிபார்ப்பதற்காக ரெங்கராஜ் வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை காலை, முதல் காட்சிக்கு முன்னால், அமலராணி புரொஜெக்டர் ரூம் படியேறினாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

"பாய், அந்தப் படத்த இப்பப் போட முடியுமா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

காஜா மைதீன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "விசில் அடிக்க மாட்டியே?" என்றார். ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

பனி நாட்டுப் படம். ஒரு விதவை, தன்னிடமிருக்கும் ஒரே கழுதையை விற்கச் சந்தைக்குக் கூட்டிப்போகிறாள். இரண்டு நாள் நடை. படம் சரிபாதிக்கு வந்தபோது அந்தப் பெண் வழியில் ஒரு வியாபாரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். "இங்கதான் நான் விட்டிருப்பேன்" என்றார் காஜா மைதீன். அமலராணி தலையை ஆட்டினாள். பேரம் படியவில்லை. மறுபடி நடை. இன்னும் எட்டு நிமிடம் கழிந்து அந்தப் பெண் ஓர் ஆற்றங்கரைக்கு வந்தாள். கல்லின் மேல் உட்கார்ந்தாள். பூட்ஸைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். காலைத் தண்ணீரில் விட்டாள். கழுதையும் பக்கத்தில் படுத்துக்கொண்டது. ஆறு ஓடியது, வேறொன்றும் நடக்கவில்லை.

"பாய், இங்க."

"இங்க ஒண்ணுமே நடக்கலையே அமலா."

"அதனாலதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு ரெங்கராஜுக்கு அவள் டீ கொண்டுபோனாள். இரவெல்லாம் மனப்பாடம் செய்துவைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"என்னம்மா?"

"சார், இடைவேளை... அந்த அம்மா ஆத்துல கால விட்டாங்கல்ல, அங்க விடலாம் சார்."

ரெங்கராஜ் நிமிர்ந்தார். "நீங்க படத்தப் பாத்தீங்களா?"

"எல்லாப் படமும் பாக்குறேன் சார். கதவுக்குப் பக்கத்துல நின்னு." தரையைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொல்லி முடித்தாள். "ஹீரோ படத்துல ஹீரோ எந்திரிக்கிறப்ப இடைவேளை விடணும். அப்பதான் சனம் துடிப்பா வெளிய வரும். இந்தப் படத்துல அவங்க உக்கார்றப்ப விடணும். அவங்களே உக்காந்துட்டாங்க. நாமளும் செத்த எந்திரிச்சிப் போய்ட்டு வந்தா கோவிச்சுக்க மாட்டாங்க."

ரெங்கராஜ் டீயைக் கீழே வைத்தார். "விளம்பரம் கூடாது. பாட்டு கூடாது. பட்டுனு லைட்டப் போடக் கூடாது" என்றார். "சரியில்லேன்னு எனக்குப் பட்டுச்சுன்னா கையத் தூக்குவேன். உடனே மறுபடி ஓட்டிடணும்."

அன்றைக்கு அவள் எண்ணெயைக் காய வைத்தது வியாபாரி பேரத்தின்போது. கழுதை படுத்துக்கொள்ளும்போது சமோசா பொன்னிறமாகியிருந்தது. ஆறு ஓடிக்கொண்டே இருந்தது. படம் மெல்ல மங்கியது. விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக, சுவரோரத்திலிருந்து எரிந்துவந்தன. ஒருவரும் அசையவில்லை. கதவிடுக்கில் நின்ற அமலராணி ரெங்கராஜின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை நாற்காலியின் பிடியிலிருந்து எழுந்தது. கை மூக்குக்கண்ணாடியைக் கழற்றியது, வேட்டி நுனியால் துடைத்தது, மறுபடி பிடியின் மேல் உட்கார்ந்தது.

மூன்றாவது வரிசையில், ஆனந்தவள்ளி என்ற ஓய்வுபெற்ற டீச்சர், குனிந்து காலால் செருப்பைத் துழாவினார். படம் பார்த்துக்கொண்டே எப்போதோ கழற்றிவிட்டிருந்தார். அவர் எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, தூக்கத்திலிருந்து வந்தவர்கள் மாதிரிக் கேன்டீனுக்கு வந்தார்கள். முதலில் தணிந்த குரலில்தான் பேசினார்கள். சமோசா உள்ளே போகப் போகக் குரல் ஏறியது. கழுதையை விற்கக் கூடாது என்று ஒரு கட்சி, வேறு வழியில்லை என்று ஒரு கட்சி. கழுதைக்கு மட்டும் ஓட்டுரிமை இருந்தால் அன்றைக்கே முடிவு தெரிந்திருக்கும். சட்னி தீர்ந்துபோய், வெறும் சமோசாவையே வாங்கித் தின்றார்கள்.

படம் முடிந்து நடந்த பேச்சில் ஒரு கல்லூரி ஆசிரியர் எழுந்து, "இடைவேளையை ஆற்றங்கரையில் வைத்ததில்தான் டைரக்டரின் மேதைமையே தெரிகிறது" என்று ஐந்து நிமிடம் விளக்கினார்.

ரெங்கராஜ் அவர் முடிக்கும்வரை காத்திருந்தார். "அது டைரக்டர் வச்சதில்லீங்க. நம்ம கேன்டீன் அமலராணியம்மா வச்சது."

எழுபது தலைகளும் இடப்பக்கக் கதவைப் பார்த்துத் திரும்பின. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மறுநாள் தர்மராஜ் வந்து தட்டைப் பார்த்தார். "எத்தன மிஞ்சுச்சு?"

"ஒண்ணும் மிஞ்சலங்க. சட்னிதான் பத்தல."

"அப்பச் சட்னிய ஜாஸ்தி அரைச்சுக்கம்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமைக் காட்சியை நிறுத்துவதைப் பற்றி அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பெரிய ஹீரோவின் புதுப்படம் வந்தது. முதல் நாள், முதல் காட்சி. வாசலில் தாரை தப்பட்டை. இடைவேளையில் கேன்டீனை மொய்த்த கூட்டத்தில் ஒரு நரைத்த தலை, முடியெல்லாம் கிழித்தெறிந்த காகிதத் துண்டுகளோடு, இடிபட்டு முன்னால் வந்தது.

"எந்திரிச்சப்பதாம்மா விட்டாங்க!" என்றார் ரெங்கராஜ், இரைச்சலுக்கு மேல் கத்தி. "நீங்க சொன்ன மாதிரியே!"

"புடிச்சிருக்கா சார்?"

"காது அடைச்சுப்போச்சு. ஆனா அவன் கைய ஊனுனான் பாருங்க, எனக்கே கால் தரையில நிக்கல. அந்த நேரம் பாத்து இந்தப் பக்கத்துலேர்ந்து ஒருத்தன் அடிச்சான் ஒரு விசில்! யாரும்மா அந்த ஆளு?"

அமலராணி ஜல்லிக்கரண்டியால் சமோசாவைத் திருப்பிவிட்டாள். "இந்தக் கூட்டத்துல யாருன்னு சொல்றது சார்."

அவர் ஒரு சமோசாவை ஊதி ஊதித் தின்றார். போகிற போக்கில் திரும்பி, "அடுத்த மாசப் படம் மூணே முக்கால் மணி நேரம். ஒரு இடைவேளை பத்தாது" என்றார்.

"எத்தன தடவ உக்கார்றாங்க சார்?"

ரெங்கராஜ் விரல் விட்டுப் பார்த்தார், குழம்பினார். "சனிக்கிழமை காலைல நீங்களே வந்து பாத்துச் சொல்லிடுங்க" என்றார்.

மணி அடித்தது. கூட்டம் உள்ளே ஓடியது. அமலராணி அடுப்பை அணைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கதவிடுக்குக்குப் போனாள். ரெங்கராஜ் இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் இரண்டு விரலை மடித்து நாக்கின் அடியில் வைத்தாள்.