நூலின் அடுத்த முனை

கன்னையா ஆசாரிக்குக் கோபம் வந்தால் பலகைக்கும் பொண்டாட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த ஒரு குணத்தைக் கழித்துவிட்டால் சித்தூரில் அவனைப் போலத் தங்கமான மனுஷன் கிடையாது. கழிக்க முடியவில்லையே, அதுதான் கதை.

பலகை அறுக்குமுன் கோடு போடவேண்டும். காவியில் தோய்த்த நூலை ஒருவர் ஒரு முனையில் அழுத்திக்கொள்ள, இன்னொருவர் மறுமுனையை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு முனை ரத்தினம்மாவின் கட்டைவிரலில்தான் இருந்தது. அடுப்பில் குழம்பு கொதித்தாலும் “இந்தாமே, நூலு” என்றால் வந்து உட்கார்ந்துவிடுவாள். அவள் நகத்தில் காவி போனதே இல்லை.

திருப்பதியில் சத்திரம் கட்டி முடித்த காண்ட்ராக்டர் ஒருவர், கையில் பிடித்து ஓட்டும் கரண்ட் வட்ட ரம்பம் ஒன்றை அவனுக்கு விற்றார். வாங்கிய புதிதில், மணிலாக்கொட்டை வியாபாரி வேதாச்சலத்தின் வாசற்கதவுக்கு எடுத்த தேக்குப் பலகையை அதில் அறுத்தான். நூல் போட்டு, அந்தக் கோட்டை ஒட்டி நீளச் சட்டமான ஒரு ரீப்பர் கட்டையை ஆணியடித்து, ரம்பத்தின் பக்கத்தை அதில் அணைத்து ஓட்டினான். பலகை நடுவில் வளைந்து அறுபட்டது.

“இவ கைய ஆட்டிட்டா. நூலு பிடிக்கக்கூடத் துப்பில்ல” என்று வேதாச்சலத்தின் எதிரிலேயே சொன்னான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அப்படி இருந்தது அவன் பேச்சு. ரத்தினம்மா நூலைக் கீழே போட்டாள். கையைக் கழுவிக்கொண்டு, திருத்தணியில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

வந்துவிடுவாள் என்றுதான் இருந்தான். அதற்குள் ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் நடந்த எல்லைப் பேச்சு ஒருவழியாக முடிந்து, திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. “ஏம்ப்பா, உன் பொண்டாட்டி இப்ப வேற ஸ்டேட்டாமே” என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். பஸ் என்னவோ பழையபடிதான் ஓடிக்கொண்டிருந்தது. ஏறிப் போய் ‘வாமே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். வறட்டு கௌரவம் விடவில்லை. தானே பொங்கி, தானே தின்று, தட்டைத் தானே கழுவினான். பேச ஆளில்லாமல் ரம்பத்தைத் திட்டினான். ரம்பம் கோபித்துக்கொண்டு எங்கும் போகாது என்பது மட்டும்தான் சௌகரியம்.

நூலை ஆணியில் கட்டிப் பார்த்தான். இழுத்தால் ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் நூலே வேண்டாத ஒரு வழி யோசித்தான். அகலமான மெல்லிய பலகையின் மேல் நேரான ரீப்பர் ஒன்றைப் பதிப்பது. ரம்பத்தை ரீப்பரை ஒட்டி ஒருதரம் ஓட்டினால் அடிப்பலகையில் பல்லுக்கு வெளியே நீண்ட மிச்சமெல்லாம் அறுந்து விழும். அந்த அறுந்த ஓரம்தான் இனி எப்போதும் ரம்பப் பல் போகிற இடம். வெட்டவேண்டிய பலகையில் இரண்டு பென்சில் புள்ளி வைத்து, ஓரத்தை அதில் பொருத்தி இறுக்கிவிட்டால் போதும்.

ரீப்பர் நேராக இருக்கவேண்டுமே. பழைய ரீப்பரையே எடுத்து வைத்து ஒரு கோடு இழுத்தான். அதைப் புரட்டிப் போட்டு, அதே ஓரத்தைக் கோட்டின் இரு முனைகளுக்கும் சேர்த்து மறுபடி இழுத்தான். நேரான கட்டையானால் இரண்டும் ஒரே கோடாக விழும். இங்கே இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு நெல் நுழையும் போலிருந்தது. வேதாச்சலத்தின் பலகையில் ஆணியடித்ததும் இதே கட்டைதான்.

கன்னையா அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் விரல் ஆடவே இல்லை. வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிட அழுகை பெரிதாக வந்தது. அவள் வந்தால் முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டான். போய்ச் சொன்னால் என்ன என்று கேட்காதீர்கள். வேறு ரீப்பரை இழைத்து, புரட்டிப் புரட்டிப் பார்த்து, வேலையை முடித்தான்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த பிறகு ஒருநாள் அவளே வந்தாள். கையில் துணிமூட்டை.

“எளச்சிட்ட. இன்னா துன்றே நீ?” என்றாள்.

“இன்னாத்த துன்றது. ஒக்காரு.”

மூட்டையை மூலையில் வைத்தாள். பட்டறைமேல் கிடந்த பலகையைப் பார்த்தாள். “வேல எதுனா கீதா? நூல எடு, பிடிக்கிறேன்.”

சொல்லவேண்டியது நாக்கு நுனியில்தான் இருந்தது. என்ன கேடோ, வாய் வேறு பக்கம் போயிற்று. “நூலா? இங்க பாருமே” என்று புள்ளி வைத்து, இறுக்கி, ரம்பத்தை ஓட்டிக் காட்டினான். பலகை சீராக இரண்டாயிற்று. “பாத்தியா? நூலு பிடிக்க ஆளே வேணாம் இனிமே.”

அறுபட்ட ஓரத்தை அவள் விரலால் தடவினாள். “நல்லா கீது. அன்னிக்கி துப்பில்லன்ன. இன்னிக்கி ஆளே வேணாம்ன்ற. அத்தச் சொல்றதுக்கு மட்டும் நான் வேணுமா?”

மூட்டையை எடுத்துக்கொண்டாள். “அதில்லமே, அந்தக் கட்ட...” என்று பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே ஓடினான். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டின அன்றைக்கு எதிரில் ஆள் நின்றது அவனுக்கு உறுத்தவில்லை, இன்றைக்கு உறுத்திற்று. பஸ் போய்விட்டது.

மறுநாள் வேதாச்சலம் இன்னொரு கதவுக்குச் சொல்ல வந்தார். வேலையைப் பார்த்துவிட்டு, “ஆசாரி, உனக்கு இனிமே ஆளே வேணாம் போல கீதே” என்றார்.

கன்னையா ரம்பத்தை நிறுத்தினான்.

“வேணுங்க. அன்னிக்கி உங்க பலக போனது என் கட்டயாலங்க. அவ கை ஆடல.”

“எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?”

“என்கூட திருத்தணி வரைக்கும் வரீங்களா? உங்க எதிர்லதான் சொன்னேன். அந்தப் பேச்ச உங்க எதிர்லயே திரும்ப எடுத்துக்கணும்.”

வேதாச்சலம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.