நான் எழுதிய ஐந்தாவது வரி

ஐந்து வரி எழுதினேன். நாலு வரி தேவையானவை. ஐந்தாவதை எழுதியிருக்கவே வேண்டாம். ஊர் அந்த ஐந்தாவதைத்தான் எடுத்துக்கொண்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சேலத்தில் கன்னியாஸ்திரீகளிடம் டிரெயினிங் முடித்துவிட்டு, திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஒரு கிராமத்துக் கோவில் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போயிருந்தேன். கோவில் என்றால் மாதா கோவில். எங்கள் ஆட்கள் கோவில் என்றே சொல்வோம். எனக்கு இருபது வயது. சுகாதாரப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மார்க். ஈயின் காலில் நோய் எப்படிப் பயணம் போகிறது, கிணற்றில் எந்த மருந்தை எவ்வளவு கரைக்க வேண்டும், எல்லாம் தலைகீழாகத் தெரியும். ஒப்பிக்கத்தான் ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் பங்குனியில் வாந்திபேதி வந்தது. காவேரிக்கரை ஊர்களில் ஆரம்பித்து, சந்தை சந்தையாக மேலே ஏறியது. அதே சமயத்தில் பெரிய வாரமும் நெருங்கியது. குருத்து ஞாயிறு தொடங்கி ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு வரைக்கும் சுற்றுப்பட்டு ஊர்க் கிறிஸ்தவர்களெல்லாம் எங்கள் கோவிலில்தான் கூடுவார்கள். பங்குச் சாமியாரோ சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தை பூசுவதற்காக ஊர் ஊராக மாட்டு வண்டியில் அலைந்துகொண்டிருந்தார். அவர் இல்லாத நாட்களில் செபம் நடத்துவது உபதேசியார். கோவில் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். அவருக்குச் சாமியார் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். கூட்டத்தை நிறுத்தினால் ஜனம் இன்னும் பயந்துபோகும், நடத்தும், ஆனால் நோய் பரவாதபடி என்ன செய்யலாம் என்று டீச்சரைக் கேட்டுச் செய்யும் என்று. 'டீச்சரைக் கேட்டு' என்ற இடத்தை நான் நாலு தடவை வாசித்தேன்.

அன்றைக்கே ஒரு முழுத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதினேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் தவிர வேறு குடிக்கக் கூடாது. தீர்த்தத் தொட்டி காலியாக இருக்கும், யாரும் கை விட வேண்டாம். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தை வாய் வைத்து முத்தி செய்யாமல், முழந்தாளிட்டுக் கும்பிட்டால் போதும். வெள்ளிக்கிழமைக் கஞ்சியைக் கையை விட்டு மொள்ளாமல், ஒரே ஆள் அகப்பையால் ஊற்ற வேண்டும். இந்த நாலும் வாந்திபேதிக்கு உரியவை. தாளின் அடியில் ஒரு வரிக்கு இடம் மிச்சமிருந்தது. புத்தகத்தில், மூச்சுக்காற்றில் பரவுகிற விஷஜுரத்துக்கான பாடத்திலிருந்து, 'கோவிலில் எட்ட நிற்கவும்' என்று சேர்த்துவிட்டேன். வாந்திபேதி தண்ணீரில் வருகிற நோய். எட்ட நின்றாலும் ஒன்றுதான், ஒட்டி நின்றாலும் ஒன்றுதான். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் எழுதினேன். தாள் நிறைந்திருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று பட்டது.

குருத்து ஞாயிறன்று உபதேசியார் அதைக் கோவில் கதவில் ஒட்டுவதற்கு முன் ஜனத்துக்கு வாசித்தார். முதல் நாலு வரியையும் மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல் மூச்சு விடாமல் வாசித்தார். ஐந்தாவதற்கு வந்ததும் தலையைத் தூக்கினார். வடக்குப் பக்கம் திரும்பினார்.

"எட்ட நிக்கோணுமாம். கேட்டுக்குங்க."

வடக்குப் பக்கம் என்பது கோவிலின் வடக்குச் சிறகு. கீழத்தெரு ஜனம் உட்காருகிற இடம். பெரிய தெருக்காரர்களின் புஞ்சைக் காடுகளில் கூலிக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு அங்கே தனி வாசல். நடுக்கோவில் முழுக்கப் பெரிய தெரு. சேலத்திலும் இப்படிப் பார்த்துப் பழகிய கண்தான் என் கண். நான் பிறந்ததும் நடுக்கோவிலில் உட்காருகிற குடும்பத்தில்.

நடுக்கோவிலில் ஒருவரும் அசையவில்லை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்கள். வடக்குச் சிறகு எழுந்தது. ஆணும் பெண்ணும் குருத்தோலையோடு தங்கள் வாசல் வழியாக வெளியே போய்க் கள்ளி வேலி ஓரம் வெயிலில் நின்றார்கள். நான் பிள்ளைகளைப் பாடவைத்துக்கொண்டிருந்தவள், காலியாகிப்போன அந்தச் சிறகைப் பார்த்து, பரவாயில்லையே, எவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தேன். இந்த நினைப்பை நான் இதுவரை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை. பத்துக் கட்டளைகளில் எதற்குக் கீழே சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஒரு பெண் வந்து நின்றாள். கீழத்தெருக்காரி. இடுப்புச் சேலைக்குள் இருபது நாள் குழந்தை.

"டீச்சரம்மா, அந்தக் காயிதம் நீங்க எழுதுனதுங்களா?"

"ஆமாம்" என்றேன். பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"எழுத்து முத்து முத்தா இருக்குதுன்னு எங்கூட்டுக்காரரு சொன்னாருங்க. இத்தன நாளு வாயில சொன்னாங்க, இப்ப எழுதி ஒட்டற அளவுக்கு மருவாதி வந்திருச்சுன்னு ஒரே சிரிப்பு."

"அது உங்களுக்கு மட்டும் எழுதியதில்லை. எல்லாருக்கும்தான்."

"எல்லாருக்குமா. எட்ட நில்லுன்னு உங்கள ஆராச்சுஞ் சொல்லியிருக்கறாங்களா சாமி?"

யோசித்தேன். தள்ளி உட்கார், நகர்ந்துகொள், விலகிப் போ என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். எட்ட நில் என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்தச் சொல் இந்தப் பக்கத்தில் ஒரே திசையில்தான் போகும். காட்டு வரப்பில், கடை வாசலில், கிணற்றடியில், மேலேயிருந்து கீழே. நான் புத்தகத்திலிருந்து எடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் இருந்ததோ 'போதிய இடைவெளி விட்டு' என்பது. அதை எளிய தமிழில் போடுகிறேன் பேர்வழி என்று என் கைதான் அந்தச் சொல்லைத் தேடி எடுத்திருக்கிறது.

அவள் வந்தது சண்டைக்கு அல்ல, குழந்தைக்காக. இதற்கு முந்தின பிள்ளை ஞானஸ்நானம் வாங்கும் முன்பே மூன்றாவது வாரத்தில் போய்விட்டது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் தரவில்லை. வேலிக்கு வெளியே, வாய்க்கால் மேட்டில், ஆவாரஞ்செடிகளுக்கு நடுவே புதைத்தார்கள். மழை பெய்து இப்போது இடம்கூடத் தெரியவில்லை. இந்தப் பிள்ளைக்குப் பெரிய சனிக்கிழமை தண்ணீர் ஊற்றுவதாகப் பேச்சு. உபதேசியார் இப்போது, நோய் போகிறவரைக்கும் கீழத்தெரு ஆட்கள் கோவிலுக்குள் கால் வைக்க வேண்டாம், ஞானஸ்நானமெல்லாம் பிறகு என்று சொல்லிவிட்டாராம்.

"நோவு எப்பப் போகும்னு நோவுக்கே தெரியாதுங்க. அதுக்குள்ள இதும் போயிருச்சுன்னா? நீங்க எழுதுனத நீங்களே அழிச்சுப்போடுங்க."

உபதேசியார் வீட்டுக்குப் போனேன். பெரிய தெருவின் பெரியதனக்காரரும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐந்தாவது வரி தப்பு. இந்த நோய்க்கு அது வேண்டாம். எடுத்துவிடுகிறேன்" என்றேன்.

"டீச்சரைக் கேட்டுச் செய்யச் சொன்னாரு சாமியாரு. கேட்டாச்சு, செஞ்சாச்சு" என்றார் உபதேசியார்.

பெரியதனக்காரர் சிரித்தார். "ஏனம்முணி, படிச்ச புள்ள எழுதுனது தப்பாகுமா? அஞ்சு வரியில அது ஒண்ணுதான் புத்தியா எழுதியிருக்கறே."

"அப்படியானால் எல்லாரும் எட்ட நிற்க வேண்டும். நீங்களும்."

"நாங்க ஆருகிட்டருந்து எட்ட நிக்கறது? எங்களுக்குள்ளயேவா?"

கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே விளங்காமல் கேட்டார். அந்த முகத்தை நினைத்தால்தான் எனக்கு அதிகம் எரிகிறது. கேலியாக இருந்திருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

கோவில் கதவுக்குப் போய் ஐந்தாவது வரியை மையால் கறுப்பாக அடித்தேன். சாயங்காலம் பார்த்தால் என் தாளையே காணோம். அதே இடத்தில் உபதேசியாரின் கோணல் எழுத்தில் வேறு தாள். அதில் 'எட்ட நிற்கவும்' என்ற ஒரு வரி மட்டும். காய்ச்சின தண்ணீர் போயிற்று. தீர்த்தத் தொட்டி போயிற்று, முத்தி போயிற்று, கஞ்சி போயிற்று. வேண்டிய நாலும் போய், வேண்டாத ஒன்று கதவில் நின்றது.

பெரிய வெள்ளிக்கிழமை நடுக்கோவிலில் பாடுபட்ட சுரூபத்தை வைத்தார்கள். வரிசையாக வந்து பாதத்தில் வாய் வைத்தார்கள். ஒவ்வொரு முத்திக்கும் பிறகு உபதேசியார் ஒரு துணியால் துடைத்தார். ஒரே துணி. நான் எழுந்து, வாய் வைக்காதீர்கள், கும்பிட்டால் போதும் என்றேன். பெரியதனக்காரரின் மனைவி திரும்பிப் பார்த்து, "ஆண்டவரு பாதத்துல நோவு ஒட்டியிருக்குதுன்னு சொல்றியா கண்ணு? சேலத்துல இதுதான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார். பெண்கள் பக்கம் சிரிப்பு. பிறகு அண்டாவில் கஞ்சி. சொம்பும் கையுமாக முழங்கை வரைக்கும் விட்டு மொண்டார்கள். தாகத்துக்கு வாசலில் ஒரு தொட்டித் தண்ணீர், சங்கிலியில் ஒற்றை டம்ளர். கீழத்தெருக்காரர்கள் கள்ளி வேலி ஓரம் நின்றபடியே தூரத்திலிருந்து சிலுவையைப் பார்த்து முழந்தாளிட்டார்கள். நான் எழுதியிருந்த மூன்றாவது வரியை அந்த ஊரில் அவர்கள் மட்டும்தான் நிறைவேற்றினார்கள். வேறு வழி வைக்கவில்லை அவர்களுக்கு.

சனிக்கிழமை விடிந்தபோது பெரிய தெருவில் நாலு வீட்டில் வாந்திபேதி. கீழத்தெருவில் ஒரு கிழவர் போய்விட்டார். கோவில் கிணற்றில் மொள்ள விடாததால் அவர்களுக்கு வாய்க்கால் தண்ணீர்தான். காய்ச்சலாம் என்றால் விறகு யார் தருவது? பெரிய தெருவில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? எட்ட நிற்கச் சொல்லியும் நோய் வந்துவிட்டதென்றால், எவனோ ஒருவன் கிட்ட வந்திருக்கிறான் என்று.

அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உபதேசியார் வீட்டு வாசலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவர் கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே வெளியே வந்தார். பயந்துபோயிருந்தார்.

"சாமியாரு செவ்வாக்கெழமதான் வாராராம். அவரு வந்து ஊத்துவாரு."

"சாமியார் இல்லாவிட்டால் ஆபத்தில் நீங்களே ஊற்றலாமே" என்றேன்.

"ஆபத்துன்னா ஊத்தலாம். கொழந்த நல்லாத்தானே இருக்குது."

"அப்ப இது வாந்தி எடுக்கற வரைக்கும் நான் பாத்துட்டிருக்கோணுங்களா?" என்றாள் அவள். "எடுத்ததுக்கப்புறம் தூக்கியாந்தா அப்பவும் எட்ட நில்லும்பீங்க. எந்த நேரத்துல வாரதுன்னு சொல்லிப்போடுங்க, அந்த நேரத்துக்கு வாரேன்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம். இதைப் பள்ளிக்கூடத்தில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். அவளோடு கீழத்தெருவுக்குப் போனேன். போய் எட்டு மாசத்தில் அந்தத் தெருவுக்குள் அதுதான் முதல் தடவை. தண்ணீர் கேட்டேன். மொண்டு வந்தாள். காய்ச்சச் சொன்னேன்.

"ஞானஸ்நானத் தண்ணியக்கூடவா காய்ச்சுவீங்க" என்று அடுப்பை ஊதிக்கொண்டே சிரித்தாள். ஒரு கூரையிலிருந்து பிடுங்கிய சோளத்தட்டைதான் விறகு.

ஆறும்வரை காத்திருந்தோம். அவள் ஒரு பெயர் சொன்னாள். பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே என்று மூன்று தடவை தலையில் ஊற்றினேன். தண்ணீர் ஆறியிருந்தது, என் கோபம் ஆறவில்லை.

செவ்வாய்க்கிழமை சாமியார் வந்தார். தூக்கமில்லாமல் கண் உள்ளே போயிருந்தது. எத்தனை பேருக்கு அவஸ்தை பூசிவிட்டு வந்தாரோ. அதற்குள் உபதேசியார் எல்லாம் சொல்லியிருந்தார். தன் அறையில் ஞானஸ்நானப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அவள் குழந்தையோடு ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"குழந்தைக்கு ஆபத்து இருந்ததா?"

"கீழத்தெருவில் ஒரு சாவு விழுந்திருந்தது சாமி. குடிக்க வாய்க்கால் தண்ணீர். ஆபத்து வேறு எப்படி இருக்கும்?"

புத்தகத்தில் பக்கம் புரட்டினார். பிறகு, நீ ஊற்றினது செல்லும் என்றார். புத்தகத்தில் பெயரை எழுதினார். எழுதிவிட்டு என் பக்கம் திரும்பி, ஊர் உன்மேல் கொதித்துப்போயிருக்கிறது, நீ சேலத்துக்குப் போய் இரு, ஜூனில் பார்க்கலாம் என்றார். கதவில் ஒட்டியிருப்பதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தேன், இப்போது அதில் கை வைக்க வேண்டாம், பெரிய தெருவில் இரண்டு சாவு, நொந்துபோயிருக்கிறார்கள் என்றார். கீழத்தெருச் சாவை அவர் எண்ணவில்லை. வேண்டுமென்று விட்டிருக்க மாட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியேயிருந்து அவள் கேட்டாள். "சாமி, பேரு எழுதியாச்சுங்களா?"

"எழுதியாயிற்று அம்மா."

"அப்ப எம்புள்ள கோவிலுக்குள்ள வரலாமுங்களா?"

"ஞானஸ்நானம் வாங்கின பிள்ளை. வரலாம்."

"நடக்கத் தெரியாதுங்களே. ஆரு தூக்கிட்டு வாரது?"

சாமியார் பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார். எழுத ஒன்றும் மிச்சமில்லை. அவர் பதில் சொல்லட்டும் என்று நான் அறையை விட்டு நகராமல் நின்றேன். அவளும் ஜன்னலை விட்டு நகரவில்லை. மறுநாள் காலை சேலம் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டார்கள். அதுவரைக்கும் அவர் பதில் சொல்லவில்லை.