நில்ஸ் அன்று பேசியது

சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். யுத்த காலத்தில் ஆறு வருஷம் நம் சாந்தோம் மைதானத்தில் ஹாக்கி ஆடிய ஸ்வீடன் தேசத்து நில்ஸ் மாரடைப்பால் காலமானார் என்று அவருடைய அக்காள் இங்கிலீஷில் எழுதியிருந்தார். "வாத்தியாரே, நீங்களே ஜனங்களுக்குத் தமிழ்ல சொல்லிடுங்க. நில்ஸ் பேச்சு உங்களுக்குத்தான் சரியா புரியும்," என்றார் சாமியார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று அவர் நினைத்திருப்பார்.

புதிதாகப் பங்குக்கு வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நில்ஸ் ஒரு கம்பெனியில் யந்திரம் பூட்ட ஒரு வருஷத்துக்கென்று வந்தவர். யுத்தம் மூண்டதால் ஊர் திரும்ப முடியவில்லை. அடையாறிலிருந்து சைக்கிளில் ஆட வருவார். முதல் நாளே நம் கோல்கீப்பர் அந்தோணியைத் தோளால் இடித்து மண்ணில் உருட்டிவிட்டார். அவர்கள் ஊர் ஆட்டத்தில் அது தப்பில்லையாம். கைகொடுத்து அவனைத் தூக்கிவிட்டு, "விழுவதும் ஆட்டத்தில் சேர்த்தி," என்று இங்கிலீஷில் சொன்னார். குப்பத்துப் பையனான அந்தோணிதான் பிறகு அவருக்குத் தமிழ் வாத்தியார்.

அந்த முதல் வருஷம் பள்ளிக்கூட மண்டபத்தில் நில்ஸைப் பேச வைத்தோம். மொழிபெயர்க்க நான். அவருடைய இங்கிலீஷில் பாதிகூட எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் நான் இங்கிலீஷ் வாத்தியார்; என் மாணவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஐஸ்மேல் ஆடுவதைப் பற்றி அவர் ஆரம்பித்ததும், "இவங்க ஊர்ல சர்பத்து மேலயே ஹாக்கி ஆடுவாங்களாம்," என்றேன். சபை சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு ருசித்துவிட்டது. அவர்கள் பந்துக்குப் பதிலாக அடித்து ஆடும் கறுப்பு ரப்பர் வில்லையைக் காட்டினார். "இவர் பூட்ஸு குதிகால் கழண்டுபோச்சாம்," என்றேன். அதற்கும் சிரிப்பு.

அப்புறம் அவர் குரல் தாழ்ந்தது. தம்பி, ஐஸ், மூன்று நாள் என்ற சொற்கள் மட்டும் காதில் விழுந்தன. "இவர் தம்பி மூணு நாள் ஐஸ்லயே குந்திக்கினு இருந்தாராம். கூடையில வஞ்சிரம் மாதிரி, கெடாம இருக்கறதுக்கு," என்றேன்.

மண்டபமே அதிர்ந்தது. நில்ஸ் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பேச்சை முடித்துக் குனிந்து வணங்கினார். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்து நன்றி சொன்னார்.

அடுத்த வருஷம் ஒரு போட்டியில் அந்தோணி கடைசி நிமிஷத்தில் கோல் விட்டதால் தோற்றோம். எல்லோரும் அவனைத் திட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே. நில்ஸ் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அதற்குள் நம் தமிழ் அவருக்கு வந்திருந்தது. "உன்னாண்ட வர்றதுக்கு முன்னாடி அது பத்து பேரைத் தாண்டிச்சுப்பா. என்னையும் தாண்டிச்சு," என்றார்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், மைதான ஓரத்தில் பூட்ஸ் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "வாத்யாரே, என் தம்பி ஐஸ்ல குந்திக்கினு இல்ல. ஐஸ் ஒடைஞ்சு உள்ள பூட்டான்."

நான் விசில் கயிற்றை விரலில் சுற்றினேன்.

"இந்த ஊர்ல சாவுக்கு மேளம் கொட்டி ஆடறாங்கோ. பார்த்துக்கீறேன். அதுமாரிதான் என் தம்பிக்குச் சிரிக்கிறாங்கோன்னு நென்ச்சேன். சந்தோசமா இருந்துச்சு. நீ இன்னா சொன்னேன்னு நேத்துதான் அந்தோணி சொன்னான்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. அன்று மண்டபத்தில் பேசியதை முதலிலிருந்து கடைசிவரை தன் தமிழில் எனக்குச் சொன்னார். இந்தத் தடவை எல்லாம் புரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "நேரமாச்சு, ஆரம்பிக்கலாம்," என்று எழுந்து விசில் ஊதினேன். அன்று மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. அதன்பின் நாலு வருஷம் அவர் இங்கேதான் இருந்தார், வாரம் மூன்று நாள் பார்த்துக்கொண்டோம். கேட்கவேயில்லை. இதை எழுதும்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

யுத்தம் முடிந்து கப்பல் ஏறும்போது ரப்பர் வில்லையை அந்தோணிக்குக் கொடுத்தார். என் கையைக் குலுக்கினார். அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்தப் பேச்சு ஒன்றுதான். அதுவும் எனக்குச் சொந்தமில்லை. அன்று மண்டபத்தில் இருந்த உங்களுக்குச் சேரவேண்டியது. நீங்கள் சிரித்தது உங்கள் தப்பில்லை. அவர் சொன்னது இதுதான்:

"ஆறு வயதில் உறைந்த ஏரியின்மேல் ஆட ஆரம்பித்தேன். பத்தொன்பது வயதில் என் தேசத்துக்காக ஆடினேன். நாலு குளிர்காலம் ஆடினேன். என் தம்பியும் எங்கள் அணியில் சேர்ந்தான். குளிர் முடிகிற சமயத்தில், ஏரி கெட்டியாகத்தான் இருக்கிறது வா என்று அவனை ஆடக் கூப்பிட்டவன் நான். ஐஸ் உடைந்தது. மூன்று நாள் கழித்துத்தான் அவனை எடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் ஐஸ்மேல் கால் வைக்கவில்லை. மதராஸுக்கு யார் போவது என்று கம்பெனியில் கேட்டார்கள். அங்கே தண்ணீர் உறையுமா என்று கேட்டேன். உறையாது என்றார்கள். வந்துவிட்டேன். உங்கள் மைதானத்தில் விழுந்தால் அடியில் மண் இருக்கிறது. அதற்காக உங்கள் எல்லோருக்கும் நன்றி."