கண்ணைத் திறந்து வரைந்த படம்

பட்டாளத்தில் அவருக்குப் படக்காரர் என்றுதான் பெயர். துப்பாக்கி சுடுவதில் ஏதோ சுமார்தான். பென்சிலைக் கையில் எடுத்தால் கில்லாடி. சண்டை ஓய்ந்த நேரத்தில் பதுங்குகுழியில் ஒவ்வொருவனாக வந்து எதிரே உட்காருவான், வரைந்ததை வீட்டுக்கு அனுப்புவதற்கு. அரை வயிறு சாப்பிட்டவனும் அவர் தாளில் புது மாப்பிள்ளை மாதிரி கன்னம் உப்பி இருப்பான். பெற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டுமே என்று செய்த பித்தலாட்டம் அது. கேமராவும் வைத்திருந்தார். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதால் உயிரோடு இருப்பவர்களை அதில் எடுப்பதில்லை. செத்தவர்களை மட்டும் எடுத்து வைத்தார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. ஒரு தடயமும் இல்லாமல் போகிறார்களே என்ற ஆற்றாமைதான்.

சண்டை முடிந்து திரும்பியவர், கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்னதாக ஸ்டுடியோ போட்டார். ஒரு ஸ்டூல், இரண்டு விளக்கு, பின்னால் நீலத் திரை. ஆடாதீங்க, கண்ணை மூடாதீங்க என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் இப்போது பிழைப்பு.

அங்கேதான் அந்தத் தாய் வந்தாள். அவள் மகன் இவர் கூடவே இருந்தவன். பின்வாங்கும்போது உடலைத் தூக்கி வர முடியவில்லை. இவர் கண்ணால் பார்த்ததை அதிகாரிகளிடம் சொல்லியும், உடல் இல்லாததால் காணவில்லை என்றே அவளுக்குத் தகவல் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள். எல்லார் பிள்ளையையும் வரைந்தீர்களாமே, என் பிள்ளை படம் இருக்கிறதா என்று கேட்டாள்.

எங்கே இருக்கிறது? கூப்பிடும்போதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று நழுவியவன் அவன். இருந்தது கேமராவில் எடுத்த ஒன்றே ஒன்று. அதைக் காட்டினால் இவள் உயிரும் போய்விடும் என்று பயந்தார். தேடி வைக்கிறேன், அடுத்த வாரம் வாங்க என்று அனுப்பிவிட்டு, அந்தப் போட்டோவை எதிரே வைத்து வரைந்தார். மூடிய கண்களைத் திறந்தார். கன்னத்தைக் கொஞ்சம் உப்ப வைத்தார். உதட்டில் சிரிப்பை வரவழைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

படத்தை வாங்கியவள் ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். அவள் முகம் மலர்வதைக் கண்டு, அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தார். பிறகு அவள் விரல் படத்தில் நெற்றிக்கு மேலே போய் நின்றது.

"என் பிள்ளை வகிடே எடுக்க மாட்டான் தம்பி. கையால மேல கோதி விட்டுக்குவான், அவ்வளவுதான். இது யாரு சீவி விட்டது?"

படம் எடுக்கும் முன் செத்தவன் முகத்தைத் துடைத்து, தன் சீப்பால் தலையைச் சீவிவிடுவது அவர் வழக்கம். தனக்குப் பழகிய மாதிரி இடப்பக்க வகிடு. எல்லாருக்கும் அதே வகிடு. போட்டோவில் இருந்ததை அப்படியே வரைந்துவிட்டார். கண்ணையும் கன்னத்தையும் மாற்றிய கைக்கு அது மட்டும் தட்டுப்படவே இல்லை.

இனி மறைத்துப் பயனில்லை.

"நான்தாம்மா சீவி விட்டேன்" என்றார்.

அவள் படத்திலிருந்து விரலை எடுக்காமலே கேட்டாள்: "முகம் கழுவி விட்டீங்களா?"

"ஈரத் துணியால துடைச்சு விட்டேம்மா."

அழுகை அப்போதுதான் வந்தது, அவருக்கும் சேர்த்து. வகிட்டை அழித்துவிட்டு, அவன் கோதி விடுகிற மாதிரியே வரைந்து தருகிறேன் என்று கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"வேண்டாம் தம்பி. கடைசியா சீவினது இதுதானே."